சுண்ணப்பாறை மேல் இரண்டு சக்கரம்

தென் இங்கிலாந்தில் கடலை ஒட்டினாற்போல ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. சவுத் டவுன்ஸ் என்று பெயர். கொடைக்கானலுக்கு பஸ் ஏறிப் பழகியவர் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார், மேடு என்பார். அதன் முதுகின்மேல் போகும் சவுத் டவுன்ஸ் வே என்ற பாதை தொட்டுச் செல்லும் மிக உயர்ந்த குன்றான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். ஆனாலும் வின்செஸ்டரில் புறப்பட்டு ஈஸ்ட்போர்னில் இறங்கும்வரை, 160 கிலோமீட்டரில், கால்கள் ஏறித் தீர்த்த உயரத்தைக் கூட்டினால் 4,000 மீட்டரை ஒட்டி வரும். உயரமே இல்லாத மலையில் இத்தனை ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதில் இந்தத் தடத்தின் குணம் பாதி இருக்கிறது. மீதிப் பாதி டயருக்கு அடியில் இருக்கிறது.

இதைவிட நீளமான, இதைவிடக் கடினமான கிராவல் தடங்கள் உலகில் உண்டு. டஸ்கனியின் வெள்ளைச் சாலைகளுக்கு இருக்கும் புகழ் இதற்குக் கிடையாது. ஆனால் இங்கே பாதையின் நிறம், வீட்டுச் சுவர், புல்லிடை மலரும் பூ, குளம், பட்டாம்பூச்சி, கடைசியில் கடலோரச் செங்குத்து என்று கண்ணில் படுவதெல்லாம் ஒரே பாறையின் கைவேலை. அந்தப் பாறை சுண்ணப்பாறை. ஒரு பாறை எத்தனை முகம் காட்டும் என்பதை ரசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அதை ரசிக்க சைக்கிளைவிட நல்ல வாகனமும் தெரியாது.

கிராவல் சைக்கிள் என்பது பார்வைக்கு ரேஸ் சைக்கிள்தான். அதே வளைந்த ஹேண்டில்பார், அதே மெலிந்த உடல். டயர் மட்டும் 40, 45 மில்லிமீட்டர் என்று அகலமாக இருக்கும். காற்றைக் குறைத்தே அடைப்பார்கள். மவுன்டன் பைக்குக்கு இருக்கும் ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் இதற்கு இருக்காது. அதனால் தரையில் உள்ளது உள்ளபடி கைக்கு வந்து சேரும். அகல டயர் வலியைக் குறைக்கும், செய்தியைக் குறைக்காது. உள்ளங்கை, மணிக்கட்டு, இருக்கை மூன்றும் சேர்ந்து நிலத்தைப் படிக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில், கண்ணை எடுத்துத் தூரத்தில் வைத்திருந்தாலும் இப்போது மண் மாறிவிட்டது என்று கை சொல்லிவிடும்.

இந்தப் பாதையில் சைக்கிள் போகலாம் என்பதற்குப் பின்னே ஒரு சட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1968-ல் இயற்றிய நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு ஆண்டு கழித்து, 1972-ல், சவுத் டவுன்ஸ் வே திறக்கப்பட்டது. நீளம் முழுக்கக் குதிரைப் பாதையாகவே அமைந்த முதல் தேசிய நெடும்பாதை அது. முதலில் ஈஸ்ட்போர்னிலிருந்து ஹாம்ப்ஷயர் எல்லைவரை இருந்தது. பிறகு வின்செஸ்டர்வரை நீண்டது. வழியெங்கும் மரக்கம்பங்களில் ஓக் கொட்டை ஒன்று பொறித்திருக்கும். நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும்; மஞ்சள் அம்பு காலுக்கு மட்டும். நீலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

குதிரைப் பாதையாக இருப்பதால் சைக்கிள்காரருக்குக் கிடைத்த ஒரு சிறு வரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆட்டு மந்தைகளுக்காக வழிநெடுகப் படல் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றையும் திறந்து, நுழைந்து, மூட வேண்டும். சாதாரணக் கதவென்றால் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். இந்தக் கதவுகளின் தாழ்ப்பாளிலிருந்து நீண்ட இரும்புக் கம்பி ஒன்று மேலே எழும்பி, மார்பு உயரத்தில் வளைந்து நிற்கிறது. குதிரைமேல் இருப்பவர் குனியாமல் எட்டிப் பிடிப்பதற்காகச் செய்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, கையால் கம்பியை இழுத்து, முன்சக்கரத்தால் கதவைத் தள்ளி நுழைந்துவிடலாம். பல கதவுகள் பின்னால் தாமே வந்து மூடிக்கொள்ளும். தாழ் விழும் ‘கிளிக்’ கேட்டபிறகுதான் பெடலை மிதிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பதுதான் இந்த வழியின் முதல் நாகரிகம்.

இனி மண்ணுக்கு வருவோம். மேற்கே ஹாம்ப்ஷயர் பகுதியில் வெள்ளை உடனே முகம் காட்டாது. அங்கே குன்றுகளின் தலையில், பாறைக்கு மேல், சிக்கிமுக்கிக் கல் கலந்த பழுப்புக் களிமண் போர்த்திக் கிடக்கிறது. பீச் மரக் காடுகளுக்குள் பாதை நுழையும்போது தரை இருண்டு குளிர்கிறது. உதிர்ந்த இலைகளின் மேல் டயரின் ஓசை அமுங்கிவிடும். சில இடங்களில் வண்டியும் மழையும் நூற்றாண்டுகளாக அரைத்து அரைத்துப் பாதை ஆளுயரத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இருபுறக் கரைகளிலும் வேர்கள் வெளியே தெரிகின்றன. அந்த வேர்கள் ஈரத்தில் வழுக்கும். நேராக, தயங்காமல் ஏறிக் கடக்க வேண்டும். பாதியில் மனம் மாறி ஹேண்டில்பாரைத் திருப்பினால் விழுவது உறுதி.

காடு விலகும் இடத்தில் வெள்ளை வெளிப்படுகிறது. பத்துக் கோடி ஆண்டுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுக்கும் இடையே, இந்த நிலம் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் மேலோட்டுத் தகடுகள் உதிர்ந்து படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இப்போது பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, இது அசல். குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கல்மேல் கோடிழுத்தால் எழுதும்.

காய்ந்த நாளில் இந்த வெள்ளைக்கு இரண்டு குணம். மிதிபட்டு இறுகிய இடத்தில் தார்ச்சாலை தோற்றுவிடும். டயர் முனகக்கூட முனகாது. சரிவில் உடைந்து கிடக்கும் துண்டுகள்மேல் போனால் கடகடவென்று உருண்டு முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் நழுவவிடும். ஜூன் மாத மதியத்தில் அந்த வெள்ளை கண்ணைக் கூச வைப்பதால் எது இறுகியது, எது உதிர்ந்தது என்று நிறத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம். நிழலை வைத்துத்தான் அறிய வேண்டும்: இறுகிய தரையில் நிழல் விழாது, உதிர்ந்த தரையில் ஒவ்வொரு துண்டும் தன்னருகே சின்னதாக ஒரு கறுப்பை வைத்திருக்கும். இதனாலேயே இந்தப் பாதையை மதியத்தில் ஓட்டுவதைவிடக் காலையிலும் சாயங்காலத்திலும் ஓட்டுவது எளிது. அப்போது நிழல் நீண்டு தரையின் எழுத்து பெரிதாகிவிடுகிறது.

மழை பெய்தால் கதையே வேறு. நீரை உறிஞ்சும் பாறைதான், ஆனால் மேல்தோல் மட்டும் குழைந்து, அரைத்து வைத்த இட்லி மாவு போல டயரில் ஏறிக்கொள்ளும். கவட்டைக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளங்களில் அந்த மாவு பூசினால், உள்ளே இறங்கிய முன்சக்கரம் வெளியேற வழியில்லாமல் பள்ளம் போகிற போக்கில்தான் போகும். பழகியவர்கள் அங்கே பிரேக்கைத் தொடாமல், பெடலை நிறுத்தாமல், எடையைப் பின்னால் வைத்து மிதக்க விடுவார்கள்.

வெள்ளைக்குள் கறுப்பாக இருப்பது சிக்கிமுக்கிக் கல். பழங்காலக் கடற்பஞ்சுகளின் சிலிக்கா கரைந்து, சுண்ணப்பாறையின் அடுக்குகளுக்கிடையே முடிச்சு முடிச்சாகத் திரண்டது. முழுசாக இருக்கும்போது அதன் மேல் வெள்ளைத் தோல் போர்த்தியிருக்கும்; முழங்கால் மூட்டு எலும்பு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறோமோ என்று தோன்றும். உடைந்துவிட்டால் உள்ளே கண்ணாடிப் பளபளப்பு. கறுப்பு, சாம்பல், சில நேரம் தேன் நிறம். ஓரம் கத்தி. கற்கால மனிதன் இதே மலைகளில் குழி தோண்டி இந்தக் கல்லை எடுத்துக் கோடரி செய்தான். இன்றைக்கு அதே ஓரம் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கிறது. அதனால்தான் இங்கே வருகிறவர்கள் டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பீச்சல், ‘உஸ்’ என்று ஒரு சத்தம், இரண்டு சுற்றில் அடைபட்டு அமைதி. பெரிய கிழிசல் என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அதே கல் பள்ளத்தாக்கு ஊர்களில் சாதுவாகி நிற்கிறது. இந்த வட்டாரத்தில் கட்டடத்துக்கு ஆகும் நல்ல கல் அரிது. ஆகவே தேவாலயம், கொட்டில், மதில் எல்லாம் சிக்கிமுக்கியில் எழுந்தன. உருண்டைக் கல்லில் மூலை கட்ட முடியாது என்பதால் மூலைகளுக்குச் செங்கல்லோ வேறு ஊர்க் கல்லோ வைத்தார்கள். ஊஸ் ஆற்றங்கரையில் சவுதீஸ் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் கோபுரம் வட்டமாக இருக்கிறது. சசெக்ஸில் இப்படி வட்டக் கோபுரம் மூன்றே மூன்று. மூன்றும் இந்த ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில். மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சில சுவர்களில் கல்லைப் பிளந்து, பிளந்த கறுப்பு முகத்தை வெளியே காட்டி வைத்திருப்பார்கள். மழை நின்றதும் வெயில் பட்டால் சுவர் முழுக்க மினுங்கும்.

மூன்றாவது தரை புல். இதற்காகவே வருகிறவர்கள் உண்டு. நூற்றாண்டுகளாக ஆடு மேய்ந்து மேய்ந்து ஒட்டக் கத்தரித்த புல்வெளி அது. சக்கரம் ஏறியதும் ஓசை முற்றாக நின்றுவிடும். வேகமும் தெரியாமலே குறையும். ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே பாறை இருப்பதால் மண்ணில் சத்துக் குறைவு. சத்துக் குறைவாக இருப்பதால் எந்த ஒரு புல்லும் மற்றதை அமுக்கித் தான் மட்டும் வளர முடியாது. அப்படியே தலை தூக்கினாலும் ஆடு விடாது. விளைவு, நல்ல இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை இருக்கும். வளமான வயலில் இந்த வகை கிடைக்காது. வறுமையில் விளைந்த செழிப்பு இது.

கதவு ஒன்றில் நிற்கும்போது சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்தால், காட்டுத் தைம் இலையின் வாசம் டயர் நசுக்கிய இடத்திலிருந்தே எழும்பும். பக்கத்தில் ஹார்ஸ்ஷூ வெட்ச் என்னும் மஞ்சள் பூ. அதன் காய்கள் குதிரை லாட வடிவில் வளைந்து வளைந்து கோத்திருப்பதால் அந்தப் பெயர். அடோனிஸ் புளூ என்ற பட்டாம்பூச்சியின் புழு தின்பது இந்தச் செடியை மட்டும்தான். எறும்புகள் அந்தப் புழுவைக் காவல் காக்கும். கூலியாகப் புழு சுரக்கும் இனிப்பு. மே, ஜூனில் ஒரு தலைமுறையும் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்றும் பறக்கும். ஆண் பூச்சியின் நீலம் தூரத்திலேயே தெரியும். கிட்ட வந்தால் இறக்கையின் வெள்ளை ஓரத்தைக் கறுப்பு நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரியும். சாதாரண நீலப் பூச்சிக்கு அந்தக் குறுக்குக் கோடு கிடையாது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் கையில் வருவது சுண்ணப்பாறைதான்.

முதலில் கேட்ட ஏற்றக் கணக்குக்கு இப்போது பதில் சொல்லலாம். மலைமேல் ஓடை கிடையாது; பெய்த மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். ஆனால் வடக்கேயிருந்து வரும் ஆறுகள் மலையை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. சசெக்ஸில் மட்டும் அரன், ஏடர், ஊஸ், கக்மியர் என்று நான்கு. ஒவ்வோர் ஆற்றிலும் பாதை மலையுச்சியிலிருந்து ஏறக்குறைய கடல்மட்டத்துக்கு இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி அந்த உயரத்தை முழுசாகக் கேட்டு வாங்கும். அரன் கரையில் ஆம்பர்லியில் இறங்கும்போது கிடைத்த சந்தோஷம் எதிர்க்கரையைப் பார்த்ததும் போய்விடும். அங்கே பாதை செங்குத்தாக நிற்கிறது. கடைசி கியரில் உட்கார்ந்தபடி மிதிக்க வேண்டும். எழுந்து நின்றால் பின்சக்கரம் சரளையில் சுழன்று நின்றுவிடும்.

மலைமேல் தண்ணீர் இல்லாததால் மேய்ப்பர்கள் குளம் செய்தார்கள். வட்டமாக ஆழமில்லாத கிண்ணம் தோண்டி, வைக்கோல் பரப்பி, களிமண்ணைக் குழைத்து மிதித்துக் கெட்டிப்படுத்தி மழைநீரைத் தேக்கிய பனிக்குளங்கள். பனியால் நிறைகிறது என்று நம்பி வைத்த பெயர். உண்மையில் நிறைப்பது மழை. டிச்லிங் பீக்கன் பக்கத்திலும் சங்க்டன்பரி அருகிலும் இன்னும் இருக்கின்றன. சைக்கிள்காரர் குடிக்க அவை உதவாது. அவர் கணக்கெல்லாம் பாதையோரக் குழாய்களை வைத்துத்தான். ஏடர் ஆற்றங்கரையில் ஒன்று, சாடில்ஸ்கோம் பண்ணையில் ஒன்று என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்தப் பண்ணையில் கழுதையை நடக்கவிட்டுக் கிணற்றிலிருந்து நீர் இறைத்த பெரிய மரச்சக்கரம் இன்னும் நிற்கிறது. குழாயில் பாட்டிலை நிரப்பும்போது அதை எட்டிப் பார்த்தால் தண்ணீரின் விலை தெரியும்.

மலை எப்படி மடிந்தது என்பதும் ஓட்டத்திலேயே புரியும். கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு இடதுபக்கம் மலை செங்குத்தாக அறுந்து விழுகிறது. கீழே வீல்ட் சமவெளி, வேலி வேலியாகப் பிரித்த பச்சை. வலதுபக்கம் மலை அவசரமில்லாமல் சாய்ந்துபோய்க் கடலில் முடிகிறது. நடுவே முதுகெலும்பில் நாம். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. திறந்த உச்சிகளில் நிற்கும் ஹாதார்ன் முள்மரங்கள் அத்தனையும் வடகிழக்காகச் சாய்ந்திருப்பதால், மூடுபனியிலும் திசை தெரியும்.

மனிதர் விட்டுப்போன தடங்களும் உண்டு. பிக்னோர் ஹில்லில் ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் குறுக்கே போகிறது. லண்டனுக்கும் சிச்செஸ்டருக்கும் அங்குள்ள கைகாட்டியில் ரோமானியப் பெயர்களே எழுதியிருக்கிறார்கள். சங்க்டன்பரியில் 1760-ல் சார்லஸ் கோரிங் என்ற இளைஞர் நட்ட பீச் மர வளையம், 1987 அக்டோபர் புயலில் பெரும்பகுதி சாய்ந்து, மறுபடி நட்டு வளர்கிறது. டெவில்ஸ் டைக் என்ற பள்ளத்தாக்கைச் சாத்தான் ஒரே இரவில் தோண்டினான் என்பது ஊர்க்கதை. பனியுகத்தில் உறைந்த பாறை நீரை உள்ளே விடாதபோது, உருகிய பனி மேலே ஓடி அறுத்தது என்பது நிலவியல். 100 மீட்டர் ஆழம். அடியில் இன்று ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை.

அதற்குக் கிழக்கே, பாதையிலிருந்து தெற்கே கொஞ்சம் விலகினால், இந்தியர் எவரும் தவறவிடக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு பிரைட்டன் நகரின் ராயல் பெவிலியன் அரண்மனை ஆஸ்பத்திரியாக மாறியது. பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்த மலைச்சரிவில் எரித்தார்கள். அந்த இடத்தில் பம்பாய்க்காரரான ஈ. சி. ஹென்ரிக்ஸ் வடிவமைத்த சத்ரி என்ற நினைவுமண்டபம் 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. எட்டுத் தூண், ஒரு குவிமாடம், சிசிலியிலிருந்து வந்த வெள்ளைப் பளிங்கு. பளிங்கும் சுண்ணப்பாறையும் வேதியியலில் ஒரே பொருள். வெப்பமும் அழுத்தமும் பட்டது அது, படாதது இது. வெளியூர்க் கல்லில் எழுந்த கட்டடம் இந்தச் சரிவில் அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கக்மியர் ஆற்றைத் தாண்டி விண்டோவர் ஹில் ஏறும்போது, நாம் போகும் பாதைக்குக் கீழே மலைச்சரிவில் 70 மீட்டருக்கு மேல் நீளமான மனிதக் கோட்டுருவம் இரண்டு கைகளிலும் கோல் பிடித்து நிற்கிறது. வில்மிங்டனின் நெடுமனிதன். வரலாற்றுக்கு முந்தையது என்று நினைத்திருந்தார்கள். 2003-ல் நடந்த அகழாய்வு பதினாறு, பதினேழாம் நூற்றாண்டைக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாது என்று பச்சைச் சாயம் பூசி மறைத்தார்கள். கீழே நின்று பார்த்தால் சரியான அளவில் தெரியும்படி நீட்டி வரைந்த உருவம் அது. மேலே சைக்கிளில் போகிறவருக்கு அவன் தலைக்கு மேலிருக்கும் புல் மட்டும்தான் கிடைக்கும்.

இந்த மலைத்தொடரின் பெயர்பெற்ற காட்சியும் சைக்கிளுக்கு இல்லை. ஆல்ஃபிரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மஞ்சள் அம்பு செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைச் செங்குத்துகளின் விளிம்பில் நடப்பவரைக் கூட்டிப்போகும். நீல அம்பு உள்நாட்டில் ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்னுக்கு இறங்கிவிடும். இதைக் குறை என்று சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கடல் ஆண்டுக்குச் சராசரியாக 30, 40 சென்டிமீட்டர் அந்தப் பாறையைத் தின்கிறது. விளிம்பு எப்போது இடியும் என்று சொல்ல முடியாது. அப்படித் தின்பதால்தான் அது வெள்ளையாகவே இருக்கிறது. கடல் நிறுத்திவிட்டால் சில பத்தாண்டுகளில் புல் மூடிவிடும்.

பார்க்க வேண்டுமென்றால் எக்சீட் பாலத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, கக்மியர் வளைந்து வளைந்து போகும் தட்டையான பள்ளத்தாக்கில் கடல்வரை நடக்கலாம். அங்கிருந்து பார்க்கும்போது சகோதரிகளுக்கு இடையே தெரியும் ஒவ்வொரு தாழ்வும் டெவில்ஸ் டைக் போன்ற ஒரு வறண்ட பள்ளத்தாக்குதான் என்பது புரியும். நாம் ஏறி இறங்கிய மலையைக் கடல் குறுக்கே அறுத்து, உள்ளமைப்பைக் காட்டி வைத்திருக்கிறது. வெள்ளையில் கிடைமட்டமாக ஓடும் கறுப்புப் புள்ளிவரிசைகள் சிக்கிமுக்கி அடுக்குகள். சுண்ணம் கரைந்துபோக, கல் மட்டும் கீழே விழுந்து, அலையில் உருண்டு, கூர் போய்க் கடற்கரைக் கூழாங்கல்லாகக் கிடக்கிறது. மலைமேல் டயரைக் கிழித்ததும் ஊருக்குள் சுவராக நின்றதும் இதேதான்.

முதல்முறை போகிறவர் மே கடைசியிலோ ஜூனிலோ போகலாம். பகல் நீளம், பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும், பூவும் பூச்சியும் இருக்கும். மேற்கிலிருந்து புறப்பட்டால் காற்று முதுகைத் தள்ளும். ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள், பாதையைப் பார்ப்பதில்லை. இரண்டு நாளாவது வைத்துக்கொள்வது நல்லது. அவ்வளவு நேரம் இல்லாதவர் ஆம்பர்லி ஸ்டேஷனில் இறங்கி, சவுதீஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறலாம். மூன்று தரையும் அந்தத் துண்டுக்குள்ளேயே வந்துவிடும். டயரில் காற்றை மட்டும் வீட்டில் அடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.